கறுக்க மறுத்த குவாக்கமோலே

1

இது கதையாகப் பிறந்ததல்ல. சென்னையில் அறிவியல் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார். 'செம்பு கொண்ட ஆக்ஸிஜனேற்ற நொதிகள்: அமைப்பும் செயல்பாடும்' என்று தலைப்பையும் அவரே வைத்து அனுப்பினார். மெக்சிகோவின் மிச்சோவகான் பக்கம் குடியேறி எனக்குத் தலை நரைத்துவிட்டது. இங்கே செம்பும் உண்டு, அவகாடோவும் உண்டு, நொதியை ஆராய்கிறவர்களும் உண்டு. அதனால் என்னைக் கேட்டார் போலிருக்கிறது. நானும் தலைப்புக்குக் கீழே அழகாக ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

பசித்தது. குவாக்கமோலே என்கிற அவகாடோத் துவையலுக்காக ஒரு பழத்தை நசுக்கி உப்புப் போட்டு வைத்தேன். வெங்காயம் தேடிப் போனவன் வாசலில் யாரிடமோ பேச்சுக்கு நின்றுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கிண்ணத்தில் இருந்தது கறுத்துப்போயிருந்தது. நான் எழுத வேண்டிய கட்டுரையை அது எழுதி முடித்துவிட்டது.

எனவே கட்டுரை இல்லை, கதைதான். நண்பருக்கு இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

2

முதல் தொடக்கம்: 'சாந்தா கிளாராவில் பொழுது விடிவதே சுத்தியல் சத்தத்தில்தான். எவோதியோ செந்தேஹாஸின் பட்டறையில், பழுக்கக் காய்ச்சிய செம்பைச் சுற்றி நின்று ஆட்கள் மாறி மாறி'

வேண்டாம். சுற்றுலாத் துறை அச்சடித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: 'எர்மிலா இரண்டு செம்பு அணுக்களைக் காதலித்தாள். அவை அவளை'

எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.

மூன்றாவது: 'பெண் கேட்டு வந்தவர்களை எவோதியோ செந்தேஹாஸ் உட்காரவைத்தார். குவாக்கமோலே நடுவில் வந்தது. யாரும் தொடவில்லை.'

இது இருக்கட்டும். ஆனால் ஏன் தொடவில்லை என்று புரிய, உங்களுக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று நொதி, இன்னொன்று அந்த வீட்டு வழக்கம். நண்பருக்குப் பட்ட கடனுக்காக நொதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

3

முழு அவகாடோ கறுக்காது. அதன் சதையில் நொதி ஓர் அறையிலும் ஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் வேறோர் அறையிலும் இருக்கின்றன. ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. வெட்டினாலோ நசுக்கினாலோ சுவர் உடைகிறது. இரண்டும் சந்திக்கின்றன. காற்றிலிருந்து ஆக்ஸிஜனும் அழையாமலே வந்துவிடுகிறது.

நொதி என்பது பெரிய புரதம். அதன் நடுவில் ஒரு குழி. குழிக்குள் இரண்டு செம்பு அணுக்கள். ஒவ்வொன்றையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் மும்மூன்று கைகள் நகரவிடாமல் பிடித்திருக்கின்றன. இரண்டு செம்புக்கும் இடையே ஆக்ஸிஜன் குறுக்காகப் படுத்துக்கொள்கிறது. ஃபீனால் உள்ளே வருகிறது, குயினோன் என்ற வேறொரு பொருளாக மாறி வெளியே போகிறது. வெளியே போன குயினோன்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும்போதுதான் நாம் பார்க்கும் கறுப்பு. செம்புக்கு ஒரு சேதமும் இல்லை. ரேஷன் கடைக்காரரைப் போல அடுத்த ஆளைக் கூப்பிடுகிறது.

(அடிக்குறிப்பு. அடியில் போட்டால் படிக்கமாட்டீர்கள் என்பதால் இங்கேயே. நறுக்கிய கத்திரிக்காயைத் தண்ணீரிலும் வாழைப்பூவை மோரிலும் போடுகிறீர்களே, அதெல்லாம் இந்த நொதிக்குப் பயந்துதான். இதற்கு நான்கு செம்பு வைத்த பங்காளி ஒருவன் உண்டு, லாக்கேஸ் என்று பெயர். அரக்கு வடியும் மரத்திலும் காளானிலும் குடியிருக்கிறான். அவனைக் கதைக்குள் விட்டால் ஆள் கூடிவிடும்.)

எர்மிலா செந்தேஹாஸ், மோரேலியாவில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இந்த அவகாடோ நொதியைத்தான் வருஷக்கணக்காகக் குடைந்துகொண்டிருக்கிறாள். அப்பா எவோதியோ, சாந்தா கிளாராவில் செம்புக் கொப்பரை அடிப்பவர். பழத்துக்குள் செம்பு இருக்கிறது என்று அவள் முதன்முதலில் சொன்ன நாளில் அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நம்ம பட்டறைச் செம்பா?" என்று கேட்டார்.

இல்லை என்றாள். மண்ணிலிருந்து மரம் எடுத்துக்கொள்வது என்றாள்.

"அப்ப கேக்காம எடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி சுத்தியலை எடுத்தார்.

4

இனி வழக்கம். செந்தேஹாஸ் வீட்டு வழக்கம் இது. வேறு வீட்டில் தேடாதீர்கள், கிடைக்காது, நான் உண்டாக்கியது. (பெண் கேட்கக் கூடை நிறைய ரொட்டியும் பழமும் சாராயமும் கொண்டுபோவதும், மாப்பிள்ளைக்காகப் பெரியவர் ஒருவர் பேசுவதும் இங்கே நிஜம்.)

பெண் கேட்டு வந்தால், யாரைக் கேட்கிறார்களோ அந்தப் பெண்ணே குவாக்கமோலே அரைத்து, மூன்று கால் கல்லுரலோடு கூடத்தின் நடுவே வைக்க வேண்டும். அப்பா பேசுவார். ஊர்ப் பெருமை, குலப் பெருமை, செம்பின் பெருமை எல்லாம் பேசுவார். குவாக்கமோலே கறுப்பதற்குள் சம்மதம் சொன்னால், எல்லோரும் அதில் சோளவறுவலைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள், கல்யாணம். சொல்லும் முன்னே கறுத்துவிட்டால் அவர் பதிலே சொல்ல வேண்டாம். வந்தவர்கள் குடித்ததைக் குடித்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக இருக்காது.

எர்மிலாவின் அக்கா அம்பாரோவைப் பெண் கேட்டு, முன்பொரு காலத்தில், உருவாப்பானிலிருந்து அவகாடோத் தோட்ட முதலாளி ஒருவர் வந்தார். நல்ல வசதி. வந்தவர்கள் முதல் கோப்பையைக் காலிசெய்யவில்லை, குவாக்கமோலே கன்னங்கரேல். எவோதியோ அப்போதுதான் தாத்தா காலத்துத் தீவிபத்து வரைக்கும் வந்திருந்தார். தோட்ட முதலாளி போனவர் போனவர்தான். அம்பாரோ அதன்பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பட்டறைக் கடையை அவள்தான் நடத்துகிறாள். பேரம் பேச வந்தவன் அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவான். அவளைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபம் வராது. இருந்தாலும் ஊர் முழுக்க ஒரே பேச்சு: வாய் ஓயாமல் பேசியே பெரிய மகள் வாழ்க்கையைக் கெடுத்தவர் எவோதியோ.

அன்று எர்மிலா பள்ளிக்கூடச் சீருடையில் கதவோரம் நின்று அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏன் கறுத்தது என்று அன்றைக்குக் கேட்டதைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சம்பளம் மட்டும் இப்போது கொடுக்கிறார்கள்.

(அம்மா எங்கே என்பீர்கள். முதல் வடிவத்தில் இருந்தாள். நிறையப் பேசினாள், யாருக்கும் இடம் விடவில்லை. அதனால் பாட்ஸ்குவாரோவில் அவள் தங்கைக்குப் பல்வலி என்று பஸ் ஏற்றிவிட்டேன். இது பின்னால் வினையாகப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.)

5

எர்மிலாமேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மாப்பிள்ளையைச் சொன்னால்தான் அது விளங்கும்.

நபோர். கிரோகாவில் பன்றிக்கறியைச் செம்புக் கொப்பரையில் அதன் கொழுப்பிலேயே வேகவைத்து விற்பவன். சனிக்கிழமைகளில் எர்மிலா அங்கே சாப்பிடப் போவாள். ஒருநாள் கொப்பரையை ஏன் வாரக்கணக்கில் தேய்க்காமல் விடுகிறாய் என்று அவனைத் திட்டினாள். அப்படித்தான் ஆரம்பம். அந்தக் கொப்பரை எவோதியோ அடித்தது. நபோர் அதைப் பழுதுபார்க்க எடுத்து வந்தபோது அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தால் தங்கமாக மின்னும் செம்பு. "செம்பைக் கறுக்கவிட்டவன்" என்று அன்றிலிருந்து அவனுக்கு அந்த வீட்டில் பெயர்.

எனவே அப்பா இவனுக்கும் பெண் தரமாட்டார், பேசியே கறுக்கவைப்பார் என்று எர்மிலா முடிவு கட்டிவிட்டாள். படித்தவள், தன் காலில் நிற்பவள், முப்பதைத் தாண்டி வெகுநாள். அப்பா சம்மதம் இல்லாமலே பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அவளுக்கு அந்தச் சம்மதம் வேண்டும். அக்காவிடமிருந்து பறித்ததை அப்பா தன் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இங்கேதான் சந்தேகம். மூன்று வடிவம் எழுதியாகிவிட்டது. அப்பாவை எப்படி ஜெயிப்பது என்று பக்கம் பக்கமாக யோசிக்கிறாள். நபோரைப் பிடித்திருக்கிறது என்று ஒரு வரிகூட நினைக்கவில்லை. நான் ஒன்று எழுதிப் பார்த்தேன்: 'அவன் சிரிக்கும்போது அவளுக்கு'. அந்த வாக்கியம் அதற்குமேல் நகரவில்லை. வேறு எங்காவது பிடித்திருக்கிறது என்று தெரியும்படி விட்டிருக்கிறேனா என்று மேலே போய்ப் பார்த்தேன். இல்லை. நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.

6

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு, வந்துவிட்டார்கள். நபோர், அவன் சித்தப்பா ஹெனாரோ, ரொட்டிக் கூடை, பழக்கூடை, கரும்புச் சாராயம். பேச வேண்டியவர் ஹெனாரோ. நல்ல பேச்சாளர், ஆனால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இந்த வீட்டுக் குவாக்கமோலேக்காக வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

எர்மிலா அடுப்படியில் அரைத்தாள். அவகாடோ, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை. அக்கா சோளவறுவல் எடுக்கத் திரும்பிய சமயம் பார்த்து, பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளைப் பொடி. சோற்றில் பூக்கும் ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுப்பது, தின்றால் கேடில்லை. நேராகப் போய் நொதியின் குழிக்குள் இரண்டு செம்பையும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் வந்தாலும் உட்கார இடமிருக்காது. ஆய்வகத்தில் கிள்ளிப் போடுவாள். இங்கே ஆத்திரத்தில் கொட்டினாள்.

கல்லுரல் கூடத்துக்குப் போனது. அம்பாரோ வழக்கப்படி அவகாடோக் கொட்டை ஒன்றை நடுவில் நட்டுவைத்தாள். கொட்டை கிடந்தால் கறுக்காது என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். கொட்டைக்குக் கீழே இருப்பது மட்டும்தான் கறுக்காது, அதுவும் காற்றுப் படாததால் என்று எர்மிலா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

ஹெனாரோ பேசினார். அண்ணன் மகன் உழைப்பாளி என்றார், குடிப்பதில்லை என்றார், கொப்பரையை இப்போது தினமும் தேய்க்கிறான் என்றார். எவோதியோ தலையசைத்தார், பிறகு ஆரம்பித்தார். ஊர் தோன்றியதிலிருந்து ஆரம்பித்தார். சுரங்கம் வந்தது, தீப்பிடித்தது, கோயில் மணி வார்த்தது எல்லாம் வந்தது. அவர் கண் பேச்சில் இல்லை, கல்லுரலில் இருந்தது. எர்மிலா அதைப் பார்த்துவிட்டு உள்ளுக்குள் சிரித்தாள். பாருங்கள் அப்பா, நன்றாகப் பாருங்கள் என்று நினைத்தாள்.

கறுக்கவில்லை. தீவிபத்து முடிந்தது, கறுக்கவில்லை. அப்பா தன் சுத்தியல்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி முடித்தார், அப்போதும் அரைத்த நிமிஷத்துப் பச்சை. ஹெனாரோவின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு தடவை புரண்டது.

அப்போதுதான் எர்மிலாவுக்கு வியர்த்தது. கறுப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதுதானே விதி. கறுக்கவே கறுக்காது என்றால் அப்பா எதற்காகப் பதில் சொல்ல வேண்டும்? நாளைக் காலைவரை பேசலாம், அடுத்த ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம்வரை பேசலாம். அவருக்கிருந்த ஒரே கெடுவையும் அவள் கையாலேயே எடுத்துவிட்டாள். செம்பைக் கட்டத் தெரிந்தவளுக்கு இதை யோசிக்கத் தெரியவில்லை.

7

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். அவளும்தான். மூன்று வழி யோசித்தேன்.

ஒன்று, நபோர் எழுந்து நின்று உணர்ச்சியோடு பேசி அப்பாவின் மனதை மாற்றுவது. நபோர் பேசுகிற ஆள் இல்லை. எழுந்து நிற்கவைத்தேன், தண்ணீர் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு, எர்மிலா பட்டறையிலிருந்து செம்புத்தூளை எடுத்துவந்து ரகசியமாகத் தூவி, பொடியை மீறிக் கறுக்கவைப்பது. செம்புத்தூள் தின்றால் வாந்தி வரும். மாப்பிள்ளை வீட்டார் வாந்தியெடுக்கும் கதை என் பெயரில் வர வேண்டாம். தவிர, கறுத்தால் கல்யாணம் இல்லையே.

மூன்று, ஹெனாரோ பசி பொறுக்காமல் எடுத்துத் தின்றுவிடுவது. இதற்கு அவர் உடனே சம்மதித்தார். நான்தான் தடுத்துவைத்திருக்கிறேன்.

நான் இப்படி எண்ணிக்கொண்டிருக்கையில் எவோதியோ, என்னைக் கேட்காமல், பேசிக்கொண்டே கையை நீட்டிக் கல்லுரலிலிருந்த கொட்டையை எடுத்தார். உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே அடுத்த கதைக்குப் போனார்.

எர்மிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டையை எடுத்தாவது கறுக்கவைக்கப் பார்க்கிறார். கொட்டையால் ஒன்றும் ஆகாது என்று தெரியாத மனுஷன்.

அவருக்கு அது தெரியாதுதான். தெரியாததால்தான் அவருக்குப் புரிந்தது. கொட்டையில்லாத குவாக்கமோலே கறுத்தே தீர வேண்டும். அவர் காத்திருந்தார். கறுக்கவில்லை. கொட்டையை மேஜையில் வைத்தார். சாராயம் தீர்ந்துவிட்டது, இதோ வருகிறேன் என்று எழுந்தார். புட்டியில் பாதிக்குமேல் இருந்தது.

8

அடுப்படியில் அம்பாரோ இருந்தாள். எர்மிலா பின்னாலேயே வந்தாள்.

"என்னத்தடி போட்ட அதுல?" என்றார் எவோதியோ. குரல் ஏறவில்லை.

"கறுக்காம இருக்கப் போட்டேன்."

"ஏன்?"

"அக்காவுக்குப் பண்ணினத எனக்கும் பண்ணுவீங்கன்னு."

எவோதியோ பெரியவளைப் பார்த்தார். அம்பாரோ கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அம்மா உங்கிட்ட சொல்லலையா?" என்றாள் தங்கையிடம்.

"என்ன சொல்லணும்?"

"நான் அம்மா சொல்லியிருப்பாங்கன்னு இருந்தேன்."

(அம்மா இன்று சொல்வதாகத்தான் இருந்தாள். முதல் வடிவத்தில் சொல்லவும் வாயெடுத்தாள். பஸ் ஏற்றியது நான்.)

"அன்னிக்கு அத நான் விடியக்காலமே அரைச்சிட்டேன், மிலா" என்றாள் அம்பாரோ. "எலுமிச்சை புழியல. வெயில்ல வெச்சிருந்தேன். எனக்கு அந்த ஆளப் புடிக்கல. பெரிய எடம், அப்பாகிட்ட வேணாம்னு சொல்ல வாய் வரல. கறுத்தது தெரியாம ஒரு கிளறு கிளறி வெச்சேன். அவரு பாத்தாரு, பேசிக்கிட்டே இருந்துட்டாரு."

எர்மிலா அப்பாவைப் பார்த்தாள். அத்தனை வருஷமாக ஊர் பேசிய பேச்சை எல்லாம் அவர் கொப்பரை அடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அவளிடமும்கூட.

"பொண்ணுக்குப் புடிச்சிருந்தா அப்பத்தான் அரைச்சு எலுமிச்சைய நல்லாப் புழிவா. புடிக்கலன்னா முன்னாடியே அரைச்சு வெச்சிருவா" என்றார் எவோதியோ. "நான் பாட்டுக்குப் பேசுவேன். நெறத்தப் பாத்துக்குவேன். பேரு கெட்டா எம்பேருதான கெடும்."

"எனக்குத் தெரியாதுப்பா."

"இன்னிக்குப் பாக்கிறேன், பாக்கிறேன், ஒண்ணும் தெரியல. பச்சையா இருக்கு. ஆனா நீ எனக்கு எதிரா வெச்ச பச்சை அது. அவனுக்காக வெச்சதா?" கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார். "அவன எனக்குப் புடிக்காது. அது வேற. உனக்குப் புடிச்சிருக்காடி?"

எர்மிலா வாயைத் திறந்தாள். இந்த இடத்துக்கு நான் மூன்று வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், எல்லாமே அழகானவை. அவள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"தெரியலப்பா" என்றாள். "அரைச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

9

கூடத்துக்கு வந்தாள். அந்தப் பச்சையை வழித்து எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். ஹெனாரோவின் கண்கள் அது அடுப்படி போகும்வரை கூடவே போயின. எர்மிலா கல்லுரலைக் கழுவித் துடைத்து, எல்லோருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். நபோர் கொண்டுவந்த பழக்கூடையிலிருந்து புதிதாக இரண்டு அவகாடோ எடுத்தாள். கத்தி வைத்த இடத்தில் சுவர்கள் உடைந்தன. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், மூன்றாம் பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

இந்த வழக்கத்தில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை. அவள் என்ன செய்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் புரியவில்லை. எவோதியோ நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்து எல்லோரும் பயந்துபோனார்கள்.

அரைக்கிற அரைப்பில் எர்மிலா தலை நிமிர்ந்து நபோரைப் பார்த்தாள். இந்தக் கதையில் அவள் அவனைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவியும் அவன் நகக்கண்ணில் கொஞ்சம் கொழுப்புக்கறை இருந்தது. கையில் எலுமிச்சை அரித்த பழைய புண்கள். கொப்பரையைத் தினமும் தேய்ப்பவன் கைதான். அவன் இடமும் வலமும் பார்த்துவிட்டு, யாரும் பேசாததால் தான் பேசினான்.

"மெதுவா அரைங்க. நாங்க எங்கயும் ஓடிரல."

அவள் மெதுவாக அரைத்தாள். கல்லுரலின் ஓரத்தில், முதலில் நசுங்கிய இடத்தில், மெல்ல நிறம் இறங்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் தட்டு. தட்டில் உப்பும் பாதி எலுமிச்சையும். அவள் கை தட்டுக்குப் போனது.

எதை எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. இதுவரை இந்தக் கதையில் எங்கெல்லாம் கறுக்கப் பார்த்ததோ அங்கெல்லாம் நான்தான் ஓடிப்போய் ஒரு வேடிக்கையைப் பிழிந்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த ஒரு இடத்தில் கையைக் கட்டிக்கொள்கிறேன். உங்கள் கை சும்மாதானே இருக்கிறது. அவளுக்காக நீங்கள் எதை எடுப்பீர்களோ, அதுதான் முடிவு.

கொஞ்சம் சீக்கிரம். ஹெனாரோ சித்தப்பா ஒரு சோளவறுவலைக் கையில் எடுத்துவிட்டார்.